குறைந்த செலவில் கறிச்சமையல்: குடல் முதல் கால் வரை

ஐந்து பேர் உள்ள ஒரு குடும்பத்திலிருந்து வந்த கேள்வி இது. ஆட்டுக்கறி விற்கும் விலையில் மாதம் ஒரு முறைக்கு மேல் வாங்கக் கட்டுப்படியாகவில்லை; குடல், ஈரல், தலை, கால் என்று பலரும் ஒதுக்கும் உறுப்புகளை வாங்கிச் சமைத்தால் செலவு உண்மையிலேயே குறையுமா, குறைந்தாலும் அவற்றை வாடையில்லாமல் வாய்க்கு ருசியாகச் சமைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டும் முடியும் என்பதே என் பதில். ஆனால் உறுப்பு என்றாலே மலிவு என்ற நினைப்போடு கடைக்குப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். சுவரொட்டி என்று நாம் சொல்லும் மண்ணீரலையும் மூளையையும் இப்போது எடைக்கு அல்லாமல் எண்ணிக்கைக்கு விற்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் அந்தத் துண்டுகளின் விலையைக் கிலோவுக்குப் பெருக்கிப் பார்த்தால் தொடைக்கறியின் விலையைத் தாண்டிவிடும். ரத்தத்திற்கு நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி அவற்றை வாங்குவது தனிப்பட்ட விருப்பம். அதைச் சிக்கனக் கணக்கில் சேர்க்க முடியாது.

விலை எப்படி அமைகிறது என்பது புரிந்துவிட்டால் எதை வாங்குவது என்பது தானாகத் தெளிவாகிவிடும். 20 கிலோ உயிர் எடையுள்ள ஒரு கிடாயை அறுத்தால், தோல், தலை, கால், குடல், ரத்தம் எல்லாம் நீங்கிக் கொக்கியில் எலும்போடு தொங்குவது 9 முதல் 10 கிலோதான். அதிலும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு எலும்பு. கறிக்கடைக்காரர் தாம் ஆட்டுக்குக் கொடுத்த பணத்தின் பெரும்பகுதியை இந்தப் பத்துக் கிலோவிலிருந்துதான் எடுத்தாக வேண்டும் என்பதால் கறியின் விலை அப்படி நிற்கிறது. குடல் மலிவாகக் கிடைப்பதற்கு அதில் ருசியோ சத்தோ குறைவு என்பது காரணமல்ல. கடைக்காரர் செய்யாமல் விட்ட வேலையை வாங்குபவர் செய்தாக வேண்டும் என்பதே காரணம். தொடைக்கறியை இரண்டு முறை அலசி அடுப்பில் ஏற்றிவிடலாம். குடலுக்கு ஒன்றரை மணி நேரக் கைவேலையும், நான்கைந்து குடம் தண்ணீரும், கூடுதலாகக் கொஞ்சம் எரிவாயுவும் வேண்டும். அந்தக் கைவேலை பெரும்பாலான வீடுகளில் பெண்களுடையதாக இருப்பதால் அதற்கு யாரும் விலை போடுவதில்லை. கேள்வி கேட்டவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வேலையை யார் செய்யப்போகிறார் என்பதை முதலில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். செலவு குறைந்தது என்று ஒருவர் மகிழ்ந்துகொண்டிருக்க, இன்னொருவரின் விடுமுறை நாள் முழுவதும் தண்ணீர்த் தொட்டியடியில் கழியுமானால் அதைச் சிக்கனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

முழு ஆட்டையும் வீணாக்காமல் உண்பது என்பதைப் புதிதாக யாரும் நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. மதுரைக்குத் தெற்கே எங்கள் ஊர்ப்பக்கத்தில் தீபாவளிக்குக் கூறு போடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் பணம் சேர்த்து ஓர் ஆட்டைப் பிடித்து, விடிவதற்கு முன்பே அறுத்து, வாழை இலைகளை வரிசையாக விரித்து, எத்தனை வீடோ அத்தனை கூறாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கூறிலும் தொடையில் கொஞ்சம், நெஞ்செலும்பில் கொஞ்சம், ஈரலில் ஒரு துண்டு, குடலில் ஒரு பிடி, கொழுப்பில் ஒரு கட்டி என்று எல்லாம் விழ வேண்டும். தராசு கிடையாது, கண்ணளவுதான். யாராவது முனகினால் ஒரு கூறிலிருந்து ஒரு துண்டை எடுத்து அடுத்த கூறில் வைப்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். தனக்குத் தொடை மட்டும் வேண்டும் என்று அங்கே யாரும் கேட்க முடியாது. கடை விலையோடு ஒப்பிட்டால் கூறுக்கறி எப்போதும் மலிவாகவே அமைவதற்குக் காரணம், பிரிக்கப்படுவது கறி மட்டுமல்ல, ஆடு முழுவதும் என்பதுதான். நகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கும் இது முடியாத காரியமல்ல. நான்கு குடும்பங்கள் சேர்ந்து, பழக்கமான கடைக்காரரிடம் முன்நாளே சொல்லிவைத்து, பாதி ஆட்டை எலும்பு, கொழுப்பு, உள்ளுறுப்புகளோடு கேட்டு வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். நான் மூன்று முறை இப்படி வாங்கியிருக்கிறேன். சில்லறையாக வாங்குவதைவிட ஒவ்வொரு முறையும் குறைவாகத்தான் ஆயிற்று.

ஊர்க் கூறில் எல்லோருக்கும் எல்லாம் சமமாகக் கிடைத்தது என்று பொய்யாகப் புகழவும் கூடாது. ரத்தமும் குடலும் தலையும் இன்னாருடைய உணவு என்று சாதி பார்த்து ஒதுக்கிய ஊர்கள்தான் நம்முடையவை. குடல் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்களில் பலர் அதை ஒருமுறைகூட முகர்ந்து பார்த்ததில்லை. அந்தச் சுளிப்பு மூக்கிலிருந்து வருவதல்ல. மறுபக்கம், எதையும் தூக்கி எறிய வசதியில்லாத வீடுகளில் வளர்ந்த சமையல் நுணுக்கங்கள்தான் இன்று நல்ல உணவகங்களில் குடல் வறுவல் என்றும் ரத்தப் பொரியல் என்றும் தனி விலையோடு பரிமாறப்படுகின்றன.

இனிக் குடலுக்கு வருவோம். சென்னைப் பக்கம் இதைப் போட்டி என்பார்கள். "ஒரு செட் போட்டி குடுங்கண்ணே" என்று கேட்டால் வயிற்றுப்பைகளும் சிறுகுடலும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஆட்டின் வயிறு நான்கு அறைகளைக் கொண்டது. அவற்றில் பெரியது துவாலையைப் போலச் சொரசொரப்பாக இருக்கும், அடுத்தது தேனடையைப் போலக் கட்டம் கட்டமாக இருக்கும், மூன்றாவது புத்தகத்தின் தாள்களைப் போல ஏடு ஏடாகப் பிரியும், நான்காவது வழவழப்பானது. வாடை வருவதெல்லாம் பெரும்பாலும் முதல் மூன்றின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் கரும்பச்சைத் தோலிலிருந்தும், ஏடுகளின் இடுக்கில் தங்கிவிடும் தழைச் சக்கையிலிருந்தும்தான். அந்தத் தோலைக் கழற்றிவிட்டால் கழுவும் வேலையில் முக்கால்வாசி முடிந்தது.

கழற்றுவதில் ஒரு பக்குவம் இருக்கிறது. திருமணமான புதிதில் நான் முதல்முறையாகக் குடல் வாங்கி வந்தபோது, நன்றாகச் சுத்தமாகட்டும் என்று தளதளவெனக் கொதிக்கும் நீரில் போட்டு மூடிவைத்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்து எடுத்தால் தோல் கழலவே இல்லை. சதையோடு வெந்து பிடித்துக்கொண்டது. கத்தியால் ஒரு மணி நேரம் சுரண்டியும் கருமை போகாமல், அன்று வைத்த குழம்பை நான் ஒருவன்தான் சாப்பிட்டேன், அதுவும் வீம்புக்காக. தண்ணீர் கொதிக்கக் கூடாது. விரலை வைத்தால் உடனே இழுத்துக்கொள்ளும் சூடு போதும். அதில் பையை முக்கி, ஒரு நிமிடம் கழித்து ஒரு மூலையை நகத்தால் சுரண்டிப் பார்க்க வேண்டும். தோல் ஈரமான காகிதத்தைப் போல வழன்று வந்தால் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். வராவிட்டால் இன்னும் அரை நிமிடம். வெற்றிலைச் சுண்ணாம்பை உள்பக்கத்தில் தடவிச் சிறிது நேரம் வைத்துச் சுரண்டுவதும் பழைய முறைதான். ஆனால் பிறகு பலமுறை அலச வேண்டும், இல்லாவிட்டால் வாயில் காரல் தட்டும். சிறுகுடலைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டுக் கழுவுவதில் பயனில்லை. முழம் முழமாக வெட்டி, ஒரு முனையைக் குழாயில் பொருத்தி நீரை ஓடவிட்டு, பிறகு மெல்லிய குச்சியால் உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து அலச வேண்டும். எல்லாம் முடிந்தபின் மஞ்சளும் நசுக்கிய இஞ்சியும் போட்டு ஒரு கொதி விட்டு, அந்த நீரை மட்டும் தயங்காமல் கொட்டிவிடலாம்.

கடையில் பார்க்கும் எடையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கழுவாத குடல் ஒரு கிலோ வாங்கினால், கழுவி வெந்து தட்டுக்கு வரும்போது அது அரைக் கிலோவுக்கும் குறைவாகவே இருக்கும். இந்தச் சுருக்கத்திற்கு நம் பாட்டிகள் கண்ட மாற்றுதான் கடலைப்பருப்பு. 150 கிராம் கடலைப்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயத்தையும் இஞ்சி பூண்டையும் சோம்பு தாளித்த எண்ணெயில் வதக்கி, மல்லித்தூள், மிளகாய்த்தூள், மஞ்சள் சேர்த்து, வேகவைத்து நறுக்கிய குடலை அதில் பிரட்டி, குக்கரில் ஆட்டின் வயதுக்கு ஏற்ப 6 முதல் 10 விசில் விட வேண்டும். திறந்தபின் பருப்பைச் சேர்த்து, பருப்பு மலர்ந்தும் குழையாமலும் இருக்கும் அளவுக்கு மூடாமல் வேகவிட்டு, தேங்காயும் சோம்பும் கொஞ்சம் கசகசாவும் அரைத்து ஊற்றி, இறக்கும்போது மிளகை இடித்துத் தூவினால் போதும். குடலின் கொழுப்பையும் மசாலாவையும் பருப்பு குடித்துக்கொள்வதால், தட்டில் குடல் எது பருப்பு எது என்று பிள்ளைகள் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். மொச்சையும் தட்டைப்பயறும் இதே வேலையைச் செய்யும். அரைக் கிலோ குடல் ஐந்து பேருக்கு இரண்டு வேளைக்கு வருவது இப்படித்தான். குடல் மலிவு என்பதைவிட, பருப்போடு சேரும்போது அது பெருகுகிறது என்பதே சரி.

ரத்தம் இன்னும் மலிவு. சில கடைகளில் குடலோடு சும்மாவே கொடுப்பார்கள். ஆனால் எல்லாக் கடையிலும் கிடைக்காது. இஸ்லாமியர்களுக்கு ரத்தம் விலக்கப்பட்ட உணவு என்பதால் பாய் கடைகளில் அதைக் கேட்டுப் பயனில்லை. காலையில் அறுத்த ஆட்டின் ரத்தமா என்று கேட்டு, அன்றே சமைத்துவிட வேண்டும். நேற்றைய ரத்தத்தை யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. உறைந்த கட்டியை உப்பும் மஞ்சளும் போட்ட நீரில் முழுதாக வேகவைத்து, நடுவே வெட்டிப் பார்த்தால் சிவப்பு இல்லாமல் ஒரே பழுப்பாக இருக்க வேண்டும். பிறகு அதைக் கையால் உதிர்த்து, நிறையச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கியதில் போட்டுக் கிளறி, தேங்காய்த் துருவலைத் தூவி இறக்கினால் முட்டைப் பொரியலைப் போலப் பூப்பூவாக இருக்கும். வெங்காயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். ரத்தத்தின் இரும்பு வாடையை அடக்குவது அதுதான்.

ஈரல் பலருக்குக் கெட்டுப்போவது அதிகமாக வேகவைப்பதால். மசாலா முழுவதும் சுருண்டு எண்ணெய் பிரிந்தபின் ஈரலைப் போட்டு, எட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். நான் உப்பைக் கடைசியில்தான் போடுவேன். நுரையீரலை யாரும் விரும்பிக் கேட்பதில்லை என்பதால் அதன் விலை இன்னும் ஏறவில்லை. அதைத் தனியாக, பாத்திரத்தை மூடாமல் வேகவைக்க வேண்டும். நுரைத்துக்கொண்டு மேலே வரும், அள்ளி எறிய வேண்டும். மூச்சுக்குழல்களை வெட்டி நீக்கிவிட்டு, சுண்டுவிரல் நுனி அளவில் நறுக்கி, ஈரலோடு பாதிக்குப் பாதி கலந்து மிளகு போட்டு வறுத்தால் நல்ல துணைக்கறி. தனியாகச் சமைத்தால் பஞ்சைக் கடிப்பது போல இருக்கும். அதை நல்ல உணவு என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஈரலையும் நுரையீரலையும் வாங்கும்போது வெட்டிப் பார்த்து வாங்குவது கட்டாயம். உள்ளே நீர் கோத்த கொப்புளங்கள் தெரிந்தால், அது பெரும்பாலும் நாடாப்புழுவின் இளம்பருவம் தங்கியிருக்கும் நீர்க்கட்டி. குழாய்களில் இலையைப் போலத் தட்டையான புழுக்கள் இருக்கவும் வாய்ப்புண்டு. அந்தத் துண்டை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியை வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் முழுவதையும் மறுத்துவிடுவேன். இதில் பலரும் அறியாமல் செய்யும் தவறு, அப்படிப்பட்ட ஈரலைத் தெருநாய்க்குப் பச்சையாகப் போட்டுவிடுவது. நீர்க்கட்டியைத் தின்ற நாயின் குடலில்தான் அந்தப் புழு முதிர்கிறது. நாயின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் மண், தண்ணீர், கை வழியாக மனிதரிடமும் ஆட்டிடமும் திரும்பி வருகின்றன. புதைப்பதாக இருந்தால் நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும்.

தலையையும் காலையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மயிரைத் தீயில் வாட்டிச் சுரண்டும் வேலையைக் கூலிக்குச் செய்துகொடுப்பவர்கள் பெரும்பாலும் கறிக்கடைப் பக்கத்திலேயே இருப்பார்கள் என்பதால் அந்தச் சிரமம் நமக்கு இல்லை; ஆனால் அந்தக் கூலி விலையில் சேர்ந்துவிடுகிறது. நான்கு கால்களை வாங்கினால் அவற்றில் கடிக்கக் கிடைப்பது மிகக் குறைவு. பாயாவை ஒரு கறியாக நினைத்தால் கட்டுப்படியாகாது; சாறாக நினைத்தால் ஆகும். காலின் தோலிலும் நரம்பிலும் மூட்டிலும் உள்ள கொலாஜன் நீண்ட நேரம் சூடுபட்டு ஜெலட்டினாகக் கரைவதால்தான் அந்தச் சாறு உதட்டில் ஒட்டுகிறது. திறந்த பாத்திரத்தில் 3, 4 மணி நேரம் பிடிக்கும் இந்த வேலையை, குக்கரின் உள்ளே வெப்பம் ஏறக்குறைய 120 பாகை வரை உயர்வதால் ஒரு மணி நேரத்திற்குள் முடித்துவிடலாம். விசில் வந்ததும் தீயைச் சிறியதாக்கிவிட வேண்டும். விசில் மேல் விசிலாக அடிக்கவிடுவது எரிவாயுவைக் காற்றில் விடுவதுதான். தலைக்கறியில் கன்னச் சதையும் நாக்கும் நல்ல கறி. நாக்கை வெந்நீரில் போட்டு மேல்தோலை உரித்த பிறகே நறுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், குறைந்த பணத்தில் நன்றாகச் சாப்பிட நினைப்பவர் முதலில் கற்க வேண்டியது குடலையல்ல, எலும்பையும் கொழுப்பையும் கையாள்வதைத்தான். தமிழ் முஸ்லிம் வீடுகளில் பிரியாணிக்குத் துணையாக வரும் தாளிச்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரியாணிக்குச் சதைத் துண்டுகள் போனபின் மிஞ்சும் எலும்பும் கொழுப்பும் பருப்போடும் காயோடும் சேர்ந்து உருவான உணவு அது. 300 கிராம் நெஞ்செலும்பையும் கழுத்தெலும்பையும் இஞ்சி பூண்டு, பட்டை, மஞ்சள் போட்டுக் குக்கரில் வேகவைத்து, அந்த நீரிலேயே 200 கிராம் பருப்பைக் குழைய விட்டு, கத்தரிக்காய், வாழைக்காய், சுரைக்காய் என்று கையில் இருக்கும் காயைப் பெரிய துண்டுகளாகப் போட்டு, மாங்காய்க் காலத்தில் மாங்காயும் மற்ற காலத்தில் புளியும் சேர்த்தால், ஐந்து பேருக்கு மத்தியானமும் இரவும் தாங்கும். அதில் உள்ள புரதத்தின் பெரும்பகுதி பருப்பிலிருந்துதான் வருகிறது. ஆனால் மணமும் ருசியும் முழுக்க ஆட்டினுடையவை. வீட்டில் கறிக்குழம்பு வைத்த நிறைவு அந்தத் தாளிச்சாவில் கிடைத்துவிடும்.

கொழுப்பை வெட்டி எறியச் சொல்லாதீர்கள். ஒரு சிறு கட்டியை நறுக்கி வெறும் வாணலியில் மெல்லிய தீயில் வைத்தால் உருகிவிடும். அந்த நெய்யில் வெங்காயம் வதக்கிச் செய்யும் உருளைக்கிழங்கு மசாலாவில் கறித்துண்டு ஒன்றுகூட இல்லாவிட்டாலும் கறி மணக்கும். தினமும் செய்யக் கூடியது அல்ல. மாதத்திற்கு இரண்டு முறை செய்தால் யாருக்கும் கெடுதலில்லை. மிஞ்சிய குழம்பை மறுநாள் காலை சுண்டவைத்து, பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் இரவு படுக்கும் முன் ஒரு முறை நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறியதும் குளிர்பெட்டியில் வைப்பதும், காலையில் மீண்டும் கொதிக்கவிடுவதும் அவசியம். கூறாகவோ கிடாவெட்டுக்குப் பின்னோ கறி அதிகமாக வந்துவிட்டால் உப்புக்கண்டம் போடலாம். கொழுப்பில்லாத சதையை விரல் பருமனில் நீளமாக வெட்டி, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறி, நூலில் கோத்து, நல்ல வெயிலில் மூன்று நான்கு நாள் காயவிட வேண்டும். கொழுப்பு ஒட்டியிருந்தால் சிக்கு வாடை அடித்துவிடும். மேகமூட்டமான மாதங்களில் இதற்குத் துணிய வேண்டாம்.

கோழியில் இதே கணக்கு இன்னும் எளிது. துண்டு போட்ட நெஞ்சுக்கறியாக வாங்குவதைவிட முழுக்கோழியாக வாங்கி வீட்டில் பிரித்தால், கழுத்து, முதுகெலும்பு, இறக்கை நுனி ஆகியவற்றில் மிளகு ரசம், ஈரலிலும் மஞ்சள் தோல் உரித்த இரைப்பையிலும் ஒரு வறுவல், மீதியில் குழம்பு என்று மூன்றாக வரும். கடைகளில் ஈரலும் இரைப்பையும் தனியாக, கறி விலையைவிடக் குறைவாகவே கிடைக்கின்றன; குழந்தைகளுக்கு உறுப்புக்கறியை அறிமுகம் செய்ய ஆட்டு ஈரலைவிட இதுவே ஏற்றது. பெரிய மீன் வெட்டும் கடையில் தலையையும் முள்ளையும் கேட்டு வாங்கினால் குழம்புக்கு அதைவிட நல்லது வேறில்லை.

சத்தைப் பற்றியும் கேட்காமலே சொல்ல வேண்டியவை சில உண்டு. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்தது. செம்மறியாட்டு ஈரல் 100 கிராமில் 7 மில்லிகிராம் அளவிலும், மண்ணீரலில் 40 மில்லிகிராமுக்கு மேலும் இரும்பு இருக்கிறது. அதுவும் கீரையில் உள்ளதைவிட உடல் எளிதாக ஏற்கும் வகை. ஆகவே சுவரொட்டி ரத்தத்திற்கு நல்லது என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு வாரத்திற்கு ஒரு முறை ரத்தப் பொரியலும் ஈரலும் உண்டாலே அந்தப் பலனில் நல்ல பகுதி குறைந்த விலையில் கிடைத்துவிடும். நுரையீரல் சாப்பிட்டால் இளைப்பு தீரும், மூளை சாப்பிட்டால் படிப்பு வரும் என்பவற்றுக்கு ஆதாரம் எதுவுமில்லை; மூளையில் நிச்சயமாக இருப்பது கொழுப்புச்சத்துதான், 100 கிராமில் 1,300 மில்லிகிராமுக்கும் மேல் கொலஸ்ட்ரால். கால் சூப்பில் எலும்பு கரைந்து சுண்ணாம்புச் சத்து வந்துவிடும் என்பதும் மிகை. சாற்றில் இறங்கும் கால்சியம் மிகக் குறைவு. யூரிக் அமிலத் தொல்லையால் மூட்டு வீங்குபவர்கள் ஈரல், குண்டிக்காய், மண்ணீரல் மூன்றையும் தவிர்ப்பது நல்லது. கர்ப்பிணிகளுக்கு வாரந்தோறும் ஈரல் வாங்கித் தரும் அன்பும் வேண்டாம். 100 கிராம் ஆட்டு ஈரலில் 7,000 மைக்ரோகிராமுக்கும் மேல் வைட்டமின் ஏ இருக்கிறது. நாளொன்றுக்கு 3,000 என்பதே பெரியவர்களுக்கான மேல்வரம்பு, அளவு மீறினால் கருவுக்குக் கேடு.

எப்போது வாங்குவது என்பதும் விலையைத் தீர்மானிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டத்தில் நின்று குடல் கேட்டால் கடைக்காரருக்கு நம்மைப் பார்க்கவே நேரமிருக்காது. கிடைத்தாலும் சொன்ன விலைதான். புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் போய், "அண்ணே, இன்னைக்கு அறுத்ததா? போட்டியோட கொஞ்சம் எலும்பும் கொழுப்பும் சேத்துப் போடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். நான் வாங்கும் கடையில் எலும்புக்கும் கொழுப்புக்கும் வார நாளில் தனியாகக் காசு வாங்கியதே இல்லை. புரட்டாசி மாதம் முழுவதும் நம் ஊரில் பலர் கறி உண்பதில்லை என்பதால் அப்போது கூட்டமும் குறையும், விலையும் இறங்கிவரும். கேள்வி கேட்டவர் வீட்டில் அந்த விரதம் இல்லையென்றால், நான்கு குடும்பம் சேர்ந்து பாதி ஆடு வாங்கிப் பார்ப்பதற்கு அந்த மாதத்தின் ஒரு புதன்கிழமை பொருத்தமானது.